கண்காணா நஞ்சு

நுழையும்முன்

நீர் தெளிவாக இருந்தால் அது தூயது என்று நம் கண் சொல்லும். அந்தச் சான்று எப்போதும் போதுமானதன்று. கங்கைச் சமவெளியில் பல இலட்சம் மக்கள் தெளிந்த நீரைக் குடித்தே நோயுற்றனர். அந்நோயின் காரணத்தைக் கண்டறியவும் நீரிலுள்ள நஞ்சை அகற்றவும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கொண்ட முயற்சியை இப்பாடம் விளக்குகிறது. மருத்துவம், வேதியியல், நிலவியல், பொறியியல் ஆகிய துறைகள் ஒரு குவளை நீருக்காக எவ்வாறு ஒன்றுகூடின என்பதைக் கற்போம்.

வரமாக வந்த குழாய்க் கிணறு

வங்காளம் ஆறுகளும் குளங்களும் நிறைந்த நிலம். அங்குள்ள சிற்றூர் மக்கள் நெடுங்காலமாகக் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்து வந்தனர். அந்நீரில் கலந்த நோய்க்கிருமிகளால் வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் பரவின. குழந்தைகள் பெருமளவில் இறந்தனர். இக்கொடுமையைத் தடுக்க 1970களிலிருந்து மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க் கிணறுகள் பெருகின. நிலத்தடி நீர் மண் அடுக்குகளின் வழியே வடிந்து வருவதால் அதில் கிருமிகள் குறைவு. முற்றத்திலேயே அடிகுழாய் அமைந்ததால் பெண்கள் நீருக்காக நெடுந்தொலைவு நடக்க வேண்டிய துன்பமும் நீங்கியது. குழாய்க் கிணற்றை மக்கள் வரமாகவே போற்றினர்.

கிருமிகள் உள்ளனவா என்று நீரைச் சோதித்தவர்கள், அதில் ஆர்சனிக் உள்ளதா என்று சோதிக்கவில்லை. ஆர்சனிக் கலந்த நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில் வேறுபாடும் இல்லை. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் ஆவியாகிக் குறையும்போது எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

உள்ளங்கையில் தோன்றிய புள்ளிகள்

1983ஆம் ஆண்டு கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய தோல் மருத்துவர் கே. சி. சாகா, சிற்றூர்களிலிருந்து வந்த சில நோயாளிகளிடம் ஒரே வகையான அறிகுறிகளைக் கண்டார். உடலில் மழைத்துளி சிதறியது போன்ற கரும்புள்ளிகள் இருந்தன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முடிச்சு முடிச்சாக இறுகியிருந்தன. இவை நீண்டகால ஆர்சனிக் நஞ்சேற்றத்தின் அடையாளங்கள் என்று அவர் அறிந்தார். இந்நஞ்சு பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் தோன்றக்கூடும்.

உடல் துன்பத்தோடு சமூகத் துன்பமும் சேர்ந்தது. புள்ளிகளைத் தொழுநோய் என்று பிழையாக எண்ணிய அண்டை வீட்டார் நோயாளிகளை ஒதுக்கினர். திருமணங்கள் தடைப்பட்டன. இது தொற்றுநோயன்று, குடித்த நீரால் வந்தது என்று எடுத்துச் சொல்லச் சான்று தேவைப்பட்டது. அச்சான்றைத் திரட்டும் பணியை யாதவ்பூர் பல்கலைக்கழகம் மேற்கொண்டது.

அங்குச் சுற்றுச்சூழல் ஆய்வுப் பள்ளியை வழிநடத்திய வேதியியலாளர் தீபங்கர் சக்ரவர்த்தி, 1988 முதல் தம் மாணவர்களுடன் ஊர் ஊராகச் சென்று நீர் மாதிரிகளைச் சேகரித்தார். இருபது ஆண்டுப் பணியின் அறிக்கை 2009இல் வெளிவந்தது. மேற்கு வங்கத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் 1,40,150 குழாய்க் கிணறுகளின் நீர் அதற்காகச் சோதிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் 48.1 விழுக்காட்டில் ஆர்சனிக், உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த அளவைக் கடந்திருந்தது. இவ்வாய்வுக்குழு 2002இல் பீகாரின் போஜ்பூர் மாவட்டத்திலுள்ள செம்ரியா ஓஜா பட்டி என்னும் ஊரிலும் நஞ்சைக் கண்டறிந்தது. சிக்கல் வங்காளத்தோடு முடியவில்லை. அது கங்கையின் மேற்பகுதிக்கும் பரவிக் கிடந்தது என்பதை அக்கண்டுபிடிப்பு உணர்த்தியது.

தெரிந்து தெளிவோம்

குடிநீரில் ஆர்சனிக் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பத்தினை நிரப்பி, அவ்வளவு நீரிலும் ஒரே ஒரு கிராம் ஆர்சனிக்கைக் கலந்தால் கிடைக்கும் அளவே இது.

நஞ்சு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான இடங்களில் இந்நஞ்சு எந்த ஆலைக் கழிவிலிருந்தும் வரவில்லை. இமயமலைப் பாறைகளில் ஆர்சனிக் சிறிதளவு இயற்கையாகவே உள்ளது. மலைப்பாறைகள் சிதைந்து வண்டலாகி, கங்கை, பிரம்மபுத்திரா ஆகிய ஆறுகளின் வழியே பல்லாயிரம் ஆண்டுகளாகச் சமவெளியில் படிந்தன. அவ்வண்டலில் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு போன்ற பொருள், மணல் துகள்களின்மேல் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும். ஆர்சனிக் அத்துருவைப் பற்றிக்கொண்டு அசையாமல் இருக்கும்.

வண்டலோடு இலை, தழை போன்ற மக்கும் பொருள்களும் புதைந்துள்ளன. மண்ணுக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள், அம்மக்கிய பொருள்களை உண்ணும்போது இரும்பு ஆக்சைடைப் பயன்படுத்துகின்றன. அதனால் துரு கரைகிறது; அதைப் பற்றியிருந்த ஆர்சனிக்கும் விடுபட்டு நீரில் கலக்கிறது. மேல்மட்ட வண்டலில் இறக்கப்பட்ட குழாய்க் கிணறுகள் பல இந்நீரையே மேலே கொண்டுவந்தன.

பற்றியிருந்த துரு கரைந்ததால் நஞ்சு விடுபட்டது. எனில், நீரில் மீண்டும் துருவைச் சேர்த்தால் அது நஞ்சைப் பற்றிக்கொள்ளுமா? ஆய்வாளர் பலருக்கும் வழிகாட்டிய வினா இதுவே.

துருவே மருந்து

ஒரு பொருளின் மேற்பரப்பில் வேறொரு பொருள் ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்தல் என்பர். இரும்பின் துரு ஆர்சனிக்கை இம்முறையில் ஈர்க்கும். வங்கதேசத்தில் பிறந்து அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் அபுல் உசாம், இப்பண்பைக்கொண்டு ‘சோனோ’ என்னும் எளிய வடிகட்டியை உருவாக்கினார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு வாளிகளே அதன் வடிவம். மேல் வாளியில் மணலும் பதப்படுத்திய இரும்புத் துகளும் இருக்கும். கீழ் வாளியில் மணல், மரக்கரி, செங்கல் சல்லி ஆகியன இருக்கும். மின்சாரம் தேவையில்லை. 2007இல் அமெரிக்கப் பொறியியல் கழகம் இதற்குப் பத்து இலட்சம் டாலர் கொண்ட கிரெய்ஞ்சர் பரிசை அளித்தது. அத்தொகையின் பெரும்பகுதியை அவர் வடிகட்டிகளை மக்களுக்கு வழங்குவதற்கே ஒதுக்கினார்.

நம் நாட்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியல் பேராசிரியர் தலப்பில் பிரதீப், நானோ தொழில்நுட்பத்தால் இதே பண்பை மேலும் கூர்மைப்படுத்தினார். ஒரு கட்டியைத் தூளாக்கினால் அதன் எடை மாறுவதில்லை, மேற்பரப்பு பன்மடங்காகிறது. மேற்பரப்பு பெருகினால் நஞ்சு ஒட்டிக்கொள்ளும் இடமும் பெருகும். ஆகவே மிக நுண்ணிய இரும்புத் துருத் துகள்கள் மிகுதியான ஆர்சனிக்கை ஈர்க்கும்.

இதில் ஓர் இடர் உண்டு. நுண்துகள்கள் நாளடைவில் ஒன்றோடொன்று திரண்டு, வேறு வடிவம் பெற்று, ஈர்க்கும் திறனை இழக்கின்றன. இதனைத் தடுக்க, இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்னும் பொருளால் ஆன வலைப்பின்னலுக்குள் அவற்றை அமைத்தனர். கூண்டில் தனித்தனியே அமர்ந்த பறவைகளைப்போலத் துகள்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. இவ்விரும்புப் பொருளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2017இல் வெளிவந்தது. ‘அம்ரித்’ என்னும் பெயர் பெற்ற இத்தொழில்நுட்பம் ஆர்சனிக் பாதித்த ஊர்களில் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. பேராசிரியர் பிரதீப்புக்கு 2020இல் பத்மஸ்ரீ விருதும், 2022இல் வியட்நாமின் வின்ஃபியூச்சர் சிறப்புப் பரிசும் கிடைத்தன.

ஆய்வகத்துக்கு வெளியே

வடிகட்டி கிடைத்ததும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. யாதவ்பூர் ஆய்வாளர்கள், மேற்கு வங்கத்தில் நிறுவப்பட்டிருந்த 19 ஆர்சனிக் நீக்கு நிலையங்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2005இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றுகூட 10 மைக்ரோகிராம் வரம்புக்குள் தொடர்ச்சியாக நீர் தரவில்லை. ஈர்க்கும் பொருள் நிறைவுற்றபின் அதனை மாற்ற வேண்டும். அடைபட்ட மணலைக் கழுவ வேண்டும். நீரை இடையிடையே சோதிக்க வேண்டும். இவற்றைச் செய்ய ஆளில்லாத இடத்தில் சிறந்த கருவியும் பயன்தராது. அதன் குழாயிலிருந்து வரும் நீரும் தெளிவாகவே இருப்பதால், கருவி செயலிழந்ததை எவரும் அறியார்.

இக்குறையை நீக்கும் வழியை அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகப் பேராசிரியர் அரூப் சென்குப்தாவும், ஹௌராவின் சிப்பூரிலுள்ள பொறியியல் கல்லூரியினரும் காட்டினர். 1990களின் பிற்பகுதியிலிருந்து அவர்கள் அடிகுழாயோடு இணைக்கும் நீக்கு நிலையங்களை ஊர்ப் பொதுவில் அமைத்தனர். ஊர்மக்களே குழு அமைத்து, வீட்டுக்கு ஒரு சிறு மாதக் கட்டணம் பெற்று, அவற்றைப் பேணினர். நிறைவுற்ற பொருளை ஒரு பொது நிலையத்துக்கு எடுத்துச் சென்று, மீண்டும் பயன்படும்படி தூய்மையாக்கினர்.

அங்குப் பிரித்தெடுத்த ஆர்சனிக் கசடை என்செய்வது? அதனைக் குப்பைமேட்டில் புதைத்தால் ஆக்சிஜன் இல்லாத நிலையில் துரு கரைந்து, நஞ்சு மீண்டும் விடுபடும். வண்டலுக்கு அடியில் இயற்கையில் நிகழ்ந்ததே இங்கும் நிகழும். ஆகவே கசடைக் காற்றோட்டமுள்ள மணற்படுகையின்மேல் தேக்கி வைத்தனர். நோயின் காரணத்தைச் சரியாக அறிந்திருந்ததால்தான் கழிவையும் சரியாகக் காக்க முடிந்தது.

முடிவுரை

மருத்துவரின் கூர்ந்த பார்வை நோயை அறிந்தது. வேதியியலாளரின் பொறுமையான அளவீடு நஞ்சை உறுதிசெய்தது. நிலவியல் அதன் பிறப்பிடத்தைச் சொன்னது. பொறியியல் அதனை நீக்கும் கருவியைத் தந்தது. ஊர்க்குழு அக்கருவிக்கு உயிர் கொடுத்தது. இவற்றுள் எது தளர்ந்தாலும் குவளைக்குள் நஞ்சு திரும்பிவிடும். ஆய்வுக் கட்டுரை வெளிவந்த நாளில் ஆய்வு நிறைவடைவதில்லை. ஒரு குழந்தை அச்சமின்றி நீர் அருந்தும் ஒவ்வொரு நாளும் அது தொடர்கிறது.

மாணவர்களே! பெற்றோரின் பணிமாற்றத்தால் உங்களுள் பலர் பல மாநிலங்களில் வாழ்கிறீர்கள். எந்த ஊருக்குச் சென்றாலும், அங்குக் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது, அதனைக் கடைசியாகச் சோதித்தது எப்போது என்னும் இரு வினாக்களைக் கேட்கப் பழகுங்கள்.

சொற்பொருள்

வண்டல் – ஆறு கொண்டுவந்து படிய வைக்கும் மென்மண்
கசடு – நீரிலிருந்து பிரிந்து அடியில் தங்கும் கழிவு
விழுக்காடு – நூற்றில் பங்கு
செறிவு – ஒரு நீர்மத்தில் கலந்துள்ள பொருளின் அடர்த்தி
பேணுதல் – காத்து வளர்த்தல்
இடர் – துன்பம், தடை

இலக்கணக் குறிப்பு

கண்காணா நஞ்சு – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
குடிநீர் – வினைத்தொகை
ஆறுகளும் குளங்களும் – எண்ணும்மை
தெளிந்த நீர் – பெயரெச்சம்

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஆர்சனிக் கலந்த நீரைக் கொதிக்க வைத்தால் அதன் செறிவு –––.
அ) குறையும் ஆ) கூடும் இ) முற்றிலும் நீங்கும் ஈ) மாறாது

2. கைட்டோசான் எதிலிருந்து கிடைக்கிறது?
அ) மரக்கரி ஆ) ஆற்று மணல் இ) இறால் ஓடு ஈ) செங்கல்

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. குழாய்க் கிணறுகளை மக்கள் வரமாகப் போற்றியது ஏன்?
2. பரப்புக் கவர்தல் என்பது யாது?
3. செம்ரியா ஓஜா பட்டியில் கண்டறிந்த செய்தி எதனை உணர்த்தியது?

இ) ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. வண்டலில் இருந்த ஆர்சனிக் நீரில் கலந்த முறையை விளக்குக.
2. துகள்களை நுண்மையாக்குவதால் விளையும் நன்மையையும் இடரையும் எழுதுக.

ஈ) ஒரு பக்க அளவில் விடை எழுதுக.

‘சிறந்த கருவியும் பேணுவார் இல்லையேல் பயன்தராது’ – இக்கூற்றைப் பாடச் செய்திகளைக்கொண்டு நிறுவுக.

உ) செயல்பாடு

உங்கள் பள்ளியின் குடிநீர் எங்கிருந்து வருகிறது, எவ்வாறு தூய்மையாக்கப்படுகிறது, வடிகட்டி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது ஆகியவற்றைக் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் ஓர் அறிக்கை எழுதுக. அதனை வகுப்பில் படித்துக்காட்டுக.