நூற்று ஐந்து ஏன் 1005 ஆகிறது?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் 'நூற்று ஐந்து' என்றால் 1005 என்று எழுதுகிறாள். எப்படித் திருத்துவது?

பதில்: திட்டாதீர்கள் அம்மா. காதில் விழுந்தபடியே 100, அடுத்து 5 என்று எழுதியிருக்கிறாள். இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடச் சொல்லுங்கள். பத்துக் கட்டுகள் சேர்ந்த பெரிய கட்டு, நூறு. தாளில் நூறு, பத்து, ஒன்று என மூன்று கட்டங்கள் போட்டு, ஒரு பெரிய கட்டையும் ஐந்து குச்சிகளையும் அவளே வைக்கட்டும். நடுக்கட்டம் காலி. அங்கேதான் 0 வரும். கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று 105 எழுத வையுங்கள். அடுத்து 150, 115 கேளுங்கள். குச்சிகளை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். அவளே வேண்டாம் என்று சொல்லட்டும்.