அடியை விட்டால் மீண்டும் வளரும்

கேள்வி: குளிக்கப் பயன்படும் இயற்கைக் கடற்பஞ்சு செடியா, விலங்கா? அறுத்தால் அழிந்துவிடாதா? மன்னார் வளைகுடாவில் அதை எடுக்கலாமா?
– வாசகர், வேப்பனப்பள்ளி

பதில்: கடற்பஞ்சு ஒரு விலங்கு. அதற்கு வயிறும் இல்லை, நரம்பும் இல்லை. உடலெங்கும் உள்ள துளைகள் வழியே நீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கிறது. நம் கைக்கு வருவது சதை நீக்கிய நார்க்கூடு மட்டுமே.

அறுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பாறையில் ஒட்டிய அடிப்பகுதியை விட்டு, மேலே கத்தியால் வெட்டினால் மிச்சத்திலிருந்து மெல்ல மெல்ல மீண்டும் வளரும். வேரோடு பிடுங்குவதுபோல் பெயர்த்தால் பிழைப்பது அரிது. அமெரிக்காவின் புளோரிடாவில் 5 அங்குலத்துக்குச் சிறியதை எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்படியும் ஆபத்து தீர்ந்துவிடாது. 1938-39இல் பரவிய நோய் அந்தக் கடற்பகுதியிலும் கரீபியனிலும் பஞ்சுகளைப் பெருமளவில் கொன்றது.

இதைவிட நல்ல வழியைத் தான்சானியாவின் சான்சிபார் தீவு காட்டுகிறது. ஜம்பியானி கிராமப் பெண்கள் சிறு துண்டுகளைக் கயிற்றில் கோத்துக் கடலிலேயே வளர்த்து விற்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே கடற்பஞ்சை எடுக்கக் கூடாது. சுற்றுலா போகும் இடத்தில் யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.