சாம்பாரை நிறுத்தும் முன்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் யூரிக் அமிலம் 8 என்று வந்துவிட்டால், வீட்டில் முதலில் நிற்பது சாம்பார். அடுத்து கீரை, காலிஃபிளவர், சுண்டல். யார் எழுதியது என்றே தெரியாத இந்தப் பட்டியலை நான் ஏற்பதில்லை. நம் உடம்பில் சேரும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நம் செல்களே அழிந்து புதுப்பிக்கப்படும்போது உண்டாவது; சாப்பாட்டின் பங்கு மிச்சம்தான். மற்ற பாலூட்டிகள் பெரும்பாலானவற்றுக்கு யூரிக் அமிலத்தை உடைத்துக் கரைக்க ஒரு நொதி உண்டு. மனிதனுக்கு அது இல்லை, சிறுநீரகத்தையே நம்பியிருக்கிறான். அளவு ஏறியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கோளாறு வெளியேற்றத்தில் இருக்கிறது. ஆகவே இலையில் விழுவதைக் கணக்கெடுக்கும் முன், சிறுநீரகம் ஏன் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்று கேட்க வேண்டும்.

வட சென்னையின் சடையங்குப்பத்தில் இந்தக் கேள்வியின் பதில் பெரும்பாலும் வேலையில் இருக்கும். இந்தப் பக்கம் மணலி ஆலைகள், அந்தப் பக்கம் எண்ணூரின் அனல்மின் நிலையங்கள், நடுவே கன்டெய்னர் யார்டு, லாரி, லோடு இறக்குகிற ஆட்கள். சித்திரை வெயிலில் வியர்வையாகப் போன நீரை ஈடுகட்டாவிட்டால், சிறுநீரகம் உப்பையும் நீரையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கூடவே யூரிக் அமிலமும் உள்ளே திரும்புகிறது. சொற்பமாக இறங்கும் சிறுநீர் புளித்துக் கெட்டியாகிறது, கல்லுக்கு அதுதான் வசதி. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, சுமார் 90 சதவீதம் பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. உப்பளமும் யார்டும் ஒன்றல்ல என்பது சரியே. ஆனால் வியர்த்துக் காய்ந்த உடம்புக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அப்படியானால் சாப்பாட்டுக்குப் பங்கே இல்லையா என்பார்கள். உண்டு, ஆனால் பழி போகும் இடம் தப்பு. 2004இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. இறைச்சியும் கடல் உணவும், யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட் வலியின் வாய்ப்பைக் கூட்டின. யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுந்த காய்கறிகள் கூட்டவில்லை. பால் பொருட்கள் குறைத்தன. அளவு ஏறியவர் குறைக்க வேண்டியது ஈரல், குடல், நெத்திலி, மத்தி. பீரை விட்டேவிட வேண்டும். எனக்கு அதைவிடக் கவலை தருவது, லோடு இறக்கி முடித்ததும் தாகத்துக்கு ஒரே மூச்சில் குடிக்கும் அந்தக் கலர் பாட்டில். அதன் சர்க்கரையிலுள்ள ஃபிரக்டோஸ் கல்லீரலில் உடையும்போதே யூரிக் அமிலம் உண்டாகிறது. அந்தக் காசுக்கு மோர் கிடைக்கும்.

தண்ணீர் குடி என்று சொல்வது எளிது, போய்வர இடம் எங்கே என்று பெண் தொழிலாளர்கள் கேட்பது முழு நியாயம். கழிப்பறை இல்லாத இடத்தில் தாகத்தை அடக்குவதே அவர்களுக்கு வழியாகிவிடுகிறது. 2025 வரை அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948, குடிநீரை 18ஆம் பிரிவிலும் கழிப்பறையை 19ஆம் பிரிவிலும் கட்டாயமாக்கியிருந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் தண்ணீரைக் குளிர வைத்துத் தரவும் சொன்னது. தண்ணீரையும் கழிப்பறையையும் கேட்டு வாங்குவதும் மருத்துவம்தான். இதய பலவீனம் உள்ளவர்களும் டயாலிசிஸில் இருப்பவர்களும் மட்டும் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேசாமல் ஒரு மாத்திரை போட்டால் தீராதா? எண் ஏறியவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டு வலியே வருவதில்லை. வலியோ கல்லோ இல்லாதவருக்கு வெறும் எண்ணுக்காக மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது. கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கும் நாளிலோ ரத்த அளவு சரியாகவே காட்டலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரையும், காசநோய்க்கான பைராசினமைடும் அளவை ஏற்றும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய பேட்டரி உருக்கும் வேலை செய்பவர் அதையும் சொல்ல வேண்டும், ஈயம் யூரிக் அமிலத்தை வெளியேற விடாது. எல்லாவற்றையும்விட ஆபத்து, மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக். வறண்ட சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே அது குறைக்கிறது.

அதனால் யூரிக் அமிலத்தைத் தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்தில் கிரியாட்டினின் இருக்க வேண்டும். ஆனால் சிறுநீரகம் பாதி கெடும்வரை அதுவும் வாய் திறக்காது. முந்திக்கொண்டு சொல்வது சிறுநீரில் ஒழுகும் ஆல்புமின் என்ற புரதம். காலையில் போகும் முதல் சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்து ஒரு நிமிடம் பார்த்தால் போதும்: மஞ்சள் கட்டம் பச்சைக்குத் திரும்பினால் புரதம் கசிகிறது என்று பொருள். 2023இல் தொடங்கிய சிறுநீரகம் காக்கும் திட்டத்தில் அரசு சுகாதார நிலையங்களிலேயே இந்தச் சோதனையைக் கொண்டுவந்தார்கள். போகும்போது பழைய சீட்டுகளையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள்.