உயிரணுவின் வாயிலோன்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை உண்டென மெய்ப்பித்தல் அறிவியலின் அரும்பணிகளுள் ஒன்று. உயிரணுக்கள் தமக்குப் புறத்தேயுள்ள செய்திகளை எவ்வாறு அறிகின்றன என்னும் வினாவிற்கு விடைகாண, மருத்துவர் இருவர் ஆற்றிய நெடிய உழைப்பை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நடந்து செல்லும் வழியில் பாம்பொன்று குறுக்கிட்டால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, கண்ணின் பாவை விரிகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் குருதியில் கலக்கும் அட்ரினலின் என்னும் ஹார்மோனுக்கு இம்மாற்றங்களில் பெரும்பங்கு உண்டு. ஆனால், இதயத்தின் உயிரணுக்களை எழுப்ப அட்ரினலின் அவற்றினுள் நுழைவதில்லை. வெளியே நின்றபடியே உள்ளே நிகழும் வேதிவினைகளை மாற்றிவிடுகிறது. அஃது எங்ஙனம் இயலும்?

கருதுகோளும் ஐயமும்

உயிரணுக்களில் வேதிப்பொருள்களை ஏற்கும் தனிப்பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் என 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் ஜான் லாங்லி கருதினார். அட்ரினலினை ஏற்பவை ஆல்ஃபா, பீட்டா என இருவகைப்படும் என்று 1948இல் அமெரிக்கர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் எடுத்துரைத்தார். அக்கருத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு, பீட்டா ஏற்பிகளைத் தடுத்து இதயத்தின் சுமையைக் குறைக்கும் மருந்தை 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கினார். மருந்து பயன் தந்தது. ஆயினும், ஏற்பியை எவரும் கண்டாரில்லை. அது விளக்கத்திற்கெனப் படைத்துக்கொண்ட வெறும் கற்பனையே என ஐயுற்றோர் பலர்.

தோல்வியில் தொடங்கிய தேடல்

1943இல் நியூயார்க் நகரில் பிறந்த இராபர்ட் லெஃப்கோவிட்ஸ் இதயநோய் மருத்துவராக விரும்பியவர். 1968இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் அவருக்கு ஆய்வுப்பணி ஒன்று அளிக்கப்பட்டது. ஹார்மோனுடன் கதிரியக்க அயோடினை இணைத்து, அது உயிரணுவில் எங்குச் சென்று பொருந்துகிறது எனக் கண்டறிவதே அப்பணி. ஓராண்டுக்கு மேலாகத் தோல்வியே எஞ்சியது. ஆய்வை விடுத்து மருத்துவப் பணிக்கே மீளவும் அவர் எண்ணினார். எனினும், முயற்சியைத் தொடர்ந்தார். 1970இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. ஹார்மோன் பொருந்தும் இடம் உண்டென்பதற்குச் சான்று கிடைத்தது.

1973இல் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், அட்ரினலின் ஏற்பிகளை நாடினார். உயிரணுவில் அவை மிகச் சிறிய அளவிலேயே உள்ளன. ஆதலால், அவற்றைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கவே பல்லாண்டுகள் கழிந்தன.

மரபணு தந்த வியப்பு

தீவிர மருத்துவப் பிரிவில் அட்ரினலினின் ஆற்றலை நேரில் கண்டவர் பிரையன் கோபில்கா. 1980களில் லெஃப்கோவிட்சின் ஆய்வுக்குழுவில் இணைந்த அவர், ஏற்பியை உருவாக்கும் மரபணுவைத் தேடும் பணியில் ஈடுபட்டார். 1986இல் அது வெளிப்பட்டது. ஊசி துணியில் புகுந்து புகுந்து வெளிவருவதுபோல, ஏற்பியின் புரத இழை உயிரணுச் சவ்வை ஏழுமுறை ஊடுருவியிருந்தது. விழித்திரையில் ஒளியை உணரும் ரோடாப்சினும் இத்தகைய அமைப்பினதே. ஒளியை அறியும் வாயிலும் ஹார்மோனை அறியும் வாயிலும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை என்பது தெளிவாயிற்று. மனித உடலில் இக்குடும்பத்திற்கு ஏறத்தாழ 800 மரபணுக்கள் உள்ளன என்பதை இன்று அறிகிறோம்.

செய்தி செல்லும் நெறி

அரண்மனை வாயிலோன் வந்தவரை வெளியே நிறுத்திச் செய்தியை மட்டும் அரசனிடம் அறிவிப்பான். ஏற்பியின் செயலும் அத்தகையதே. அட்ரினலின் வெளிப்புறத்தே பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. அம்மாற்றம் உட்புறத்தேயுள்ள ஜி-புரதத்தைத் தூண்டுகிறது. அப்புரதம் ஒரு நொதியை எழுப்புகிறது. நொதியோ சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூது மூலக்கூறுகளை மிகுதியாக ஆக்குகிறது. இவ்வாறு சிறு செய்தி பெருகிப் பரவ, இதயம் விரைந்து துடிக்கிறது. பணி முடிந்ததும் வாயிலை அடைத்தலும் வேண்டுமன்றோ? அரெஸ்டின் என்னும் புரதங்கள் ஏற்பியைப் பற்றி அதனை அமைதியுறச் செய்கின்றன.

1989இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்ற கோபில்கா, ஏற்பியின் உருவத்தைக் காண விழைந்தார். ஓரிடத்தில் ஒருவடிவில் நில்லாத அப்புரதத்தைப் படிகமாக்குதல் எளிதன்று. 2007இல் அதன் அமைப்பை எக்ஸ் கதிர்கள் காட்டின. 2011இல், ஏற்பி ஜி-புரதத்தைத் தூண்டும் நிலையையே அவர்தம் குழுவினர் படம்பிடித்தனர். 2012ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இன்று பயன்பாட்டிலுள்ள மருந்துகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இக்குடும்பத்து ஏற்பிகளின் வழியாகவே செயல்படுகிறது. ஆஸ்துமாவால் மூச்சுத் திணறுவோர் உறிஞ்சும் மருந்து, மூச்சுக்குழலின் பீட்டா ஏற்பிகளைத் தூண்டி வழியைத் திறக்கிறது. இதயநோயாளர் உண்ணும் மாத்திரையோ அதே குடும்பத்து ஏற்பியைத் தடுத்து ஆறுதல் அளிக்கிறது. வாயில் எவ்விடத்தது, எவ்வடிவினது எனத் துல்லியமாக அறிந்தால், பிற உறுப்புகளை வருத்தாத மருந்துகளை ஆக்க இயலும். இல்லையென ஐயுறப்பட்ட ஒன்றை உண்டெனக் காட்டிய நாற்பதாண்டு உழைப்பு, இவ்வாறு உலகோரின் உயிர்ப்பாகத் திகழ்கிறது.

கற்பவை கற்றபின்

1. ‘தோல்வியும் ஆய்வின் ஒரு படிநிலையே’ – இப்பாடத்தின் துணைகொண்டு கலந்துரையாடுக.
2. உயிரணுவின் உள்ளே செய்தி செல்லும் நெறியை விளக்கப்படமாக வரைந்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.