பள்ளித் தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சி

வண்ணத்துப்பூச்சி வரவேண்டுமென்று பள்ளித் தோட்டத்தில் பூச்செடி மட்டும் நடுவோர் பலர். பூச்சி வரும், தேனுண்ணும், போய்விடும். அது நம்மிடம் தங்கிப் பெருகவேண்டுமாயின், அதன் புழுவிற்கேற்ற இலை வேண்டும். தாய்ப்பூச்சி அவ்விலையைத் தேர்ந்தே முட்டையிடும். ஆகவே பூவுக்கு முன் இலையை எண்ணுதல் முறை.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, திருவரங்கத்தை அடுத்த மேலணைக் காப்புக்காட்டில், 2015-ல் சுமார் 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே புழுவிற்கான செடிகளும் தேனுக்கான செடிகளும் ஒருங்கே வளர்க்கப்படுகின்றன. அம்முறையைத் திருத்துறைப்பூண்டிப் பள்ளிகள் இரண்டு சென்ட் நிலத்திலும் கைக்கொள்ளலாம்.

வேண்டிய செடிகள் நாம் அறிந்தவையே:

1. கறிவேப்பிலை, எலுமிச்சை. இவற்றின் இளம்புழு பறவை எச்சம்போல் தோன்றிப் பகையை ஏய்க்கும்.
2. எருக்கு. இதனை உண்ணும் வெந்தய வரியன் எருக்கின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் பெரும்பாலும் அதனைத் தீண்டா. எருக்கம்பால் கண்ணிற் பட்டால் கேடு. ஆதலின் சிறுவர் கைக்கெட்டாத வேலியோரம் நடுக.
3. ஆவாரை. மஞ்சட் பூச்சிகள் இதில் முட்டையிடும்.
4. தேனுக்கு இட்லிப்பூவும் தும்பையும்.

2018 நவம்பர் 16-ல் வீசிய கஜாப் புயல் இப்பகுதியில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. மரம் வளர ஆண்டுகள் பல ஆகும். புதர்ச்செடியோ விரைவில் தழைக்கும். நமது களிமண்ணில் ஐப்பசி மழைநீர் தேங்கி வேர் அழுகும். எனவே ஒரு முழ உயர மேட்டுப்பாத்தி அமைத்து, ஆடிப்பட்டத்திலேயே நட்டு வேரூன்றச் செய்தல் நலம். வெயிலும் காற்றுமறைவும் உள்ள இடமே ஏற்றது.

புழு வளர்த்தால் வயலுக்குத் தீங்காகுமோவென்று உழவர் ஐயுறலாம். நெல்லைக் கெடுக்கும் குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் அந்துப்பூச்சி இனத்தவை. எருக்கையும் ஆவாரையையும் தின்னும் இப்புழுக்கள் நெல்லை நாடா. எலுமிச்சை நாற்றங்காலுக்கு மட்டும் தொல்லை உண்டு. அது அருகிலிருப்பின் எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் தவிர்க்கலாம்.

தோட்டத்தில் பூச்சிமருந்து கூடவே கூடாது. அருகிலுள்ள ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் முயன்று வளர்த்த பாரம்பரிய நெல் விதைத் திருவிழாவைக் கண்ட நம் உழவர்க்கு, நஞ்சில்லா வேளாண்மை புதிதன்று.

இலை கடிபட்டிருப்பதைக் கண்டதும் புழுவை நசுக்கக் கை எழும். அக்கையைத் தடுப்பதே இத்தோட்டத்தின் முதற்பாடம். ஏறத்தாழ ஒரு மாதம் பொறுத்திருக்கும் மாணவன், அப்புழு சிறகு விரிப்பதைத் தானே காண்பான்.