செவி இழந்த வீரரும் சான்றுத் தாளும்

திருக்குறளில் ‘கேள்வி’க்கென்று ஓர் அதிகாரமே உண்டு. அக்கேள்விக்கு வாயிலான செவியை நாட்டுப் பணியில் இழந்தவர் நிலையை ஈண்டு ஆராய்வோம்.

துப்பாக்கி வெடியின் ஒலி 140 டெசிபெல்லையும் கடக்கும். அது உட்செவியின் மயிரணுக்களைச் சிதைக்கிறது. சிதைந்தவை மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் மறையும். பனித்திட்டில் ஓய்வுபெற்று வாழும் முன்னாள் படைவீரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கடலின் இரைச்சல் கேட்கும். பேரனின் மழலை புரியாது. முதுமையும் சேர்ந்தால் குறை மிகும்.

இவருக்கு வழிகள் இரண்டு. முதலாவது, 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். உறுப்பினர் மருத்துவர் பரிந்துரையின் பேரில் காது கேட்கும் கருவி பெறலாம். ஆயின் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. மிகுதி அவர் கைப்பொருளே. ஓய்வூதியமின்றிப் படையை விட்டவருள் பெரும்பாலோர்க்கு இதில் இடமில்லை.

இரண்டாவது, இயலாமை ஓய்வூதியம். குறைபாடு படைப்பணியால் விளைந்தது அல்லது மிகுந்தது என்று நிலைபெற வேண்டும். சேரும்போது குறை எதுவும் பதியப்படவில்லையெனில், வீரர் நலமாகவே சேர்ந்தார் எனக் கொள்ளவேண்டும். மறுப்பதாயின் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது என 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டு விதிகளை விளக்கியது. 2023இல் புதிய விதிகள் வந்தன.

விதி எதுவாயினும் தாளே பேசுகிறது. ஆதலின் பணி முடியும் நாளின் செவிச்சோதனைச் சான்றை வீரர் போற்றிக் காத்தல் வேண்டும். மாணவராகிய நாம் நம்மூர் முதியவர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரலாம். கற்ற கல்விக்கு அதுவும் ஒரு பயனே.