மனசில்லாமல் சொல்லும் ஸ்தோத்திரம் பொய்யா?

கேள்வி: ஐயா, என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, எட்டு மாதமாக வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது. நான் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவள்தான். ஆனால் இப்போது முழங்காலில் நின்றால் கேட்கத்தான் வாய் வருகிறது, நன்றி சொல்ல வரவில்லை. வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள், "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க, சொன்னாத்தான் விடுதலை வரும்" என்கிறார்கள். மனசில்லாமல் சொன்னால் ஆண்டவரிடமே பொய் சொன்னதாகாதா? இன்னொன்று. மாதம் இரண்டாயிரம் ரூபாய் சீட்டு கட்டி வருகிறேன். "கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விசுவாசித்தால் சீட்டு எதற்கு?" என்று என் நாத்தனார் கேட்டதிலிருந்து அதுவும் உறுத்துகிறது.

ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அம்மா, சீட்டை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். தொடர்ந்து கட்டுங்கள். சீட்டுப் பிடிக்கிறவர் நாணயமானவரா என்று மட்டும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். எகிப்தில் யோசேப்பு ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்த்தாரே, அதை யாரும் அவிசுவாசம் என்று சொன்னதில்லை. ஜார்ஜ் முல்லரைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், யாரிடமும் கைநீட்டாமல், ஜெபத்தை மட்டும் நம்பி அனாதைப் பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு கட்டத்தில் 2,000க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருந்தது. பிரசங்கத்தில் அவ்வளவாக வராத விஷயம் அவருடைய கணக்குப் புத்தகம். சில்லறைக் காணிக்கையைக்கூட விடாமல் எழுதி, அறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டுக்கொண்டே இருந்தார். ஆண்டவர்மேல் அப்படிச் சாய்ந்திருந்த மனிதர் கணக்கில் அத்தனை கறார். வந்தது எதையும் மறந்துவிடக் கூடாது என்றுதானே எழுதுகிறோம்? ஆகவே உங்கள் சீட்டு நோட்டும் கணவரின் காப்பீட்டு அட்டையும் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இனி நீங்கள் முதலில் கேட்டது.

மனசில்லாமல் சொன்னால் பொய்தான். உங்கள் கணவரின் நோய்க்காக நீங்கள் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியதில்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை, காரணம், நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். குருத்துவத்துக்கு வந்த புதிதில், சின்னப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், அடக்க ஆராதனை முடிந்த கையோடு, "ஸ்தோத்திரம் சொல்லுங்கம்மா" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஆகிறது, அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

தெசலோனிக்கே சபைக்குப் பவுல் எழுதியது, எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி செலுத்துங்கள் என்ற பொருளில். எபேசியருக்கு எழுதும்போது எல்லாவற்றிற்காகவும் என்றே எழுதியிருக்கிறாரே என்று யாராவது உங்களிடம் வாதாடக்கூடும். எழுதியிருக்கிறார். ஆனால் அதே பவுல், தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்கு நன்றி சொல்லி ஜெபத்தை ஆரம்பிக்கவில்லை. எடுத்துப்போடும் என்று மூன்று தரம் கெஞ்சினார். முள்ளோடு வாழ்கிற பக்குவம் பிறகு வந்தது. அவருக்கே மூன்று தரம் ஆனது, உங்களை ஒரே வாரத்தில் அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்ன அவசரமோ தெரியவில்லை. அதிலும் "சொன்னாத்தான் விடுதலை வரும்" என்பது ஸ்தோத்திரமே இல்லை, முன்பணம்.

யோவான் 11ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் வாசித்துப் பாருங்கள். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் 35ஆம் வசனத்தில் அழுகிறார். 41ஆம் வசனத்தில், கல்லறை வாசலில் நின்று பிதாவுக்கு நன்றி சொல்கிறார். நடுவே ஆறு வசனம்கூட முழுசாக இல்லை. அழுகையை நிறுத்திக்கொண்டு வந்து நன்றி சொல் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அதன்பின் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில்தான். நோயாளிகளுக்கென்று சுகமாயிருப்பவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் நூல்கள் தமக்கு உதவவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் 1933இல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற நூலை, ஒரு நோயாளி மற்ற நோயாளிகளுக்கு எழுதுவதாகவே எழுதினார். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள்மேல் கோபப்பட வேண்டாம். அவர்கள் சுகமாயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் எதற்குத்தான் நன்றி சொல்வது? இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது ஒரு காணிக்கை உறையில். எங்கள் சேகரத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை உறைமேல் காரணம் எழுதுவார்கள், ஆராதனையில் வாசிப்போம். மகன் பாஸானதற்கு, வீடு பால்காய்ச்சியதற்கு, விசா கிடைத்ததற்கு. ஒரு ஞாயிறு பெயரில்லாத உறை ஒன்று வந்தது. உள்ளே இருபது ரூபாய். மேலே பென்சிலால், "நேத்து ராத்திரி தூங்கினேன்" என்று மட்டும் எழுதியிருந்தது. வாசிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த வீட்டில் என்ன கஷ்டமோ, அது தீர்ந்ததாக அந்த உறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தூக்கம் நிஜம், அதைக் கொடுத்தவர் யார் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் தேட வேண்டியதும் இந்த அளவில்தான். செவ்வாய்க்கிழமை ஊசி ஒரே குத்தில் ஏறியிருக்கலாம். பஸ்ஸில் அவருக்கு யாராவது எழுந்து இடம் கொடுத்திருக்கலாம். அளந்து குடிக்கிற தண்ணீரில் கடைசி மடக்கை அவர் ருசித்துக் குடித்திருக்கலாம். இவற்றுக்கு நன்றி சொல்ல மனசை வளைக்க வேண்டாம், கவனித்தால் போதும். கவனிக்க எதுவுமே இல்லாத நாளும் வரும். அன்றைக்கு ஒப்பாரியாகவே ஜெபியுங்கள். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதையும் வேதத்தில் சேர்த்துத்தானே வைத்திருக்கிறோம்.

என் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு தகர டப்பாவில் போடுவார்கள். மாதக் கடைசியில் சபைப் பெண்கள் வந்து வாங்கிப்போவார்கள், கைப்பிடி அரிசிக் காணிக்கை. அப்பாவுக்கு வேலையில்லாத ஒரு வருஷம், அரிசியே பக்கத்து வீட்டில் கடன் வாங்கியது. அந்த நாட்களில் அம்மாவின் கை முழுசாக விரியாது. மூன்று விரலால் கிள்ளி எடுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். டப்பாவில் அது விழுந்த சத்தம்கூடக் கேட்காது. போடாமல் இருந்ததில்லை, முழுக் கைப்பிடி போட்டதாகப் பாவனை செய்ததும் இல்லை.

கேட்பதும் அப்படியே இருக்கலாம். வனாந்தரத்தில் மன்னாவை அன்றன்றைக்குத்தான் பொறுக்கினார்கள், தலைக்கு ஒரு ஓமர். மறுநாளுக்கென்று எடுத்துவைத்தது புழுத்துப்போனது. (ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாக எடுத்துவைத்தார்கள், கெடவில்லை. உங்கள் நாத்தனார் மறுபடி கேட்டால் இதைச் சொல்லுங்கள்.) மாற்றுச் சிறுநீரகம் கிடைக்குமா, பிள்ளைகள் படிப்பு என்னாகும் என்று எல்லாவற்றையும் விடியற்காலை ஐந்து மணிக்கே சுமந்துகொண்டு முழங்காலிட்டால் எழுந்திருப்பது கஷ்டம். டயாலிசிஸ் நாளில் அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் ஜெபிப்பது இருக்கிறது, ஊரார் ஜெபிப்பது இருக்கிறது, நாத்தனாரின் விசுவாசமும் இருக்கிறது. உங்கள் கணவர் எதற்காக ஜெபிக்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. அடுத்தமுறை மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் கேளுங்கள்.